ஏழடிப் புங்கனும் இரண்டடி மகிழமும்: ஒரு நர்சரிக் கதை

மூன்று நட்சத்திரம். நான்கு கொடுத்திருப்பேன், ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். கடையின் பெயரைப் போடவில்லை. தென்சென்னையில் மெயின் ரோட்டோரம் பச்சை வலை கட்டிய நர்சரிகள் வரிசையாக இருக்குமே, அவற்றில் ஒன்று.

வீடு மடிப்பாக்கம். வாசலில் நின்ற குல்மோஹர் 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று சாய்ந்தது. விழுந்த பிறகு பார்த்தால் ரோட்டுப் பக்கம் வேரே இல்லை. கேபிள் போடத் தோண்டியபோது வெட்டிவிட்டிருக்கிறார்கள். மறுபக்கம் கோலம் போட வசதியாக இருக்கட்டும் என்று அடிமரம் வரை சிமென்ட் பூசியது நாங்களேதான். மரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறேழு வருஷம் வெயிலில் வெந்துவிட்டு, 2023 ஆடியில் இரண்டு கன்று வாங்கக் கிளம்பினேன்.

மனதில் இருந்தது வேம்பு. கடைப் பையன் எதைக் கேட்டாலும் "இருக்கும்மா" என்றான். கேட்காமலே கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அழகு மரத்தைக் காட்டி, "சடசடன்னு வளரும், மாடு வாய் வைக்காது" என்றான். அடுத்த இரண்டே மாதத்தில் குஜராத் அதற்குத் தடை போட்டது. பின்னால் தமிழ்நாட்டிலும் வைக்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. நல்லவேளை, குழி வெட்ட வரும் பெரியவர் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம்மா?" என்றார். மடிப்பாக்கம் என்றேன். "மழைக்குத் தண்ணி நிக்குமே. வேம்பு காலடியில தண்ணி நின்னா தாங்காது. புங்கன் வைங்க, நீர்மருது வைங்க. மேடா இடம் இருந்தா மகிழம் வைக்கலாம்." இந்தக் கடையில் நான் காசு கொடுக்காமல் வாங்கிய சரக்கு இதுதான், இருப்பதிலேயே உசத்தியும் இதுதான்.

ஏழடிப் புங்கன் 900 ரூபாய். இரண்டடி மகிழம் 120. குழி, செம்மண், தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு, மூங்கில் கூண்டு, கூலி எல்லாம் சேர்த்துக் கன்றுக்கு 1,100. ஒரு வருஷத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவார்களாம்.

நட்ட வேலைக்குக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. பெரியவர் மேல்மண்ணைத் தனியாகக் குவித்தார், அடியில் வந்த களியை ஒதுக்கினார். தண்டைப் பிடித்து இழுக்காமல் பையை பிளேடால் கீறி எடுத்தார். குச்சி நட்டு, சணலை எட்டு போலச் சுற்றித் தளரக் கட்டினார். பாத்தி கட்டிச் சருகு பரப்பினார். கூண்டுக்கு மூங்கிலே போதும் என்றதும் அவர்தான். இரும்புக் கூண்டை யாரும் கழற்றுவதில்லை, மரம் பருத்ததும் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும் என்றார். எங்கள் பக்கத்துத் தெருவில் அப்படி ஒன்று நிற்கிறது.

புங்கனின் பையைக் கிழித்தவர், "வேர் சுத்திக் கிடக்கும்மா, அறுத்து விடட்டுமா?" என்று கேட்டார். கூட வந்த பையன், "அதெல்லாம் வேணாம், மண்ணு உடைஞ்சா கேரண்டி கிடையாது" என்றான். கேரண்டி என்றதும் நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மகிழம் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது. புங்கன் முதல் மாதம் தளதளவென்று இருந்தது, அப்புறம் ஒரு துளிர் இல்லை. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வீட்டைச் சுற்றி முட்டளவு தண்ணீர். வடிந்த பிறகு சாய்ந்து கிடந்த புங்கனை நிமிர்த்தப் பிடித்தேன், முள்ளங்கி போலக் கையோடு வந்துவிட்டது. வேர் பையின் வடிவத்திலேயே, சும்மாடு மாதிரி சுருண்டிருந்தது. நாலைந்து மாதத்தில் ஒரு வேர்கூட வெளி மண்ணுக்குப் போகவில்லை. விற்காமல் பையிலேயே வருஷக்கணக்கில் நின்ற கன்று அது. விற்காமல் நின்றதால் உயரம், உயரத்தால் விலை. அதற்குத்தான் 900 கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போனால், "வெள்ளத்துல போனதுக்குக் கேரண்டி இல்லம்மா" என்கிறான். போனில் எடுத்த வேரின் படத்தைக் காட்டினேன். இரண்டாவது முறை போனபோது அதே வரிசையிலிருந்து இன்னொரு ஏழடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்! வேண்டாம் தம்பி, புதுசாக வந்த இரண்டடிக் கன்று போதும், மிச்சக் காசைக் கொடு என்றேன். காசு வரவில்லை, நான்கு மூட்டை மண்புழு உரம் வந்தது. நட்சத்திரம் அங்கேதான் போனது. பெரியவர் இந்த முறை யாரையும் கேட்காமல் பிளேடால் வேரை நாலு பக்கமும் கீறிவிட்டு நட்டார், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்த இரண்டடிப் புங்கன் இன்று என் தலையைத் தாண்டிவிட்டது. மாசியில் மொட்டையாக நின்று பயமுறுத்தியது, பங்குனியில் முழுக்கத் தளிர். மகிழம் ஏதோ ஒரு முழம் ஏறியிருக்கிறது, அதன் குணம் அது. மூங்கில் கூண்டு உளுத்து உதிர்ந்துவிட்டது, அதற்குள் ஆடு எட்டாத உயரம் வந்தாயிற்று.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பெரியவர் டீ குடிக்கும் நேரம். பையைச் சாய்த்து அடியைப் பாருங்கள். ஓட்டை வழியே தடித்த வேர் எட்டிப் பார்த்தால் அந்தக் கன்று வேண்டாம். பையன் முறைப்பான், முறைக்கட்டும்.