குழந்தைகளோடு பாய்மரப் படகு: அயோனியன் தீவுகளா, டால்மேஷியாவா, கோஜெக்கா?

மத்தியதரைக்கடலில் குடும்பத்தோடு ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றலாம் என்று பேச்செடுத்தால், கடைசியில் மூன்று இடங்களில்தான் வந்து நிற்கும்: கிரீஸுக்கு மேற்கே அயோனியன் தீவுகள், குரோஷியாவின் டால்மேஷியக் கரை, துருக்கியின் தென்மேற்கு மூலையில் ஃபெத்தியே, கோஜெக் பக்கம். மூன்று இடத்திலும் தண்ணீர் அடிவரை தெளிவு, படத்தில் பார்த்தால் எது எந்த ஊர் என்றே சொல்ல முடியாது. அதனால் அழகை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்று எந்நேரம் எழும், அடுத்த துறைக்கு எத்தனை மணி நேரம், சாயங்காலம் படகைக் கட்ட எவ்வளவு பாடு? ஏழெட்டு வயதுப் பிள்ளை கூட வரும்போது இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு அயோனியனுக்கு. கோடையில் பெரும்பாலான நாட்களில் அங்கே ஒரே கணக்குதான். காலையில் கடல் அசையாமல் கிடக்கும், மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று எழும், பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். காலையில் நங்கூரம் போட்டுப் பிள்ளைகளை நீந்த விட்டு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மதியம் இரண்டு மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓட்டினால் அடுத்த ஊர் வந்துவிடும். லெஃப்கடாவின் நித்ரியிலிருந்து மெகனிசி ஒரு மணி நேரம் சொச்சம்தான். அப்புறம் இத்தாக்காவின் கியோனி, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ என்று தீவுகள் ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியா பெரும்பாலும் தரைமட்டமானபோது தப்பித்த ஊர் ஃபிஸ்கார்டோ, துறையைச் சுற்றி அந்தப் பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் ஆகஸ்டில் மதியமே போய் இடம் பிடிக்காவிட்டால் அங்கே கரையில் கட்ட வழியிருக்காது.

கிரீஸ் என்றதும் சாண்டோரினி, மிக்கோனோஸ் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஏஜியன் கடல், ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்டெமி காற்று வடக்கிலிருந்து நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும், வானத்தில் மேகம்கூட இருக்காது, ஆனால் காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6, 7 வரை போகும். குழந்தைகளோடு முதல் பயணம் அங்கே வேண்டவே வேண்டாம்.

படகு கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பத்துக்குள் சண்டை வருவது அங்கேதான். மத்தியதரைக்கடலில் பெரும்பாலான இடங்களில் ஓதம் ஒரு முழம்கூட ஏறி இறங்காது. அதனால் படகின் பின்புறத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டுவதுதான் வழக்கம். கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்னால் இரண்டு கயிறுகளைக் கரைக்கு வீச வேண்டும். எல்லோரும் வந்து சேரும் நேரமும் பக்கவாட்டுக் காற்று பலமாக இருக்கும் நேரமும் ஒன்றுதான். பிள்ளையைச் சும்மா உட்கார வைக்காமல் ஒரு ஃபெண்டரை (படகுகள் உரசாமல் தடுக்கும் காற்றடைத்த உருளை) கையில் கொடுத்து, பக்கத்துப் படகு நெருங்கினால் அதை நடுவில் தொங்கவிடச் சொல்லுங்கள், கையோ காலோ மட்டும் வெளியே நீளக் கூடாது. அயோனியனில் பல படகுகள் சேர்ந்து போகும் ஃப்ளோட்டிலா ஏற்பாடு அதிகம். அதில் முன்னால் போகும் படகின் ஆட்கள் கரையில் நின்று உங்கள் கயிற்றை வாங்கிக் கட்டிவிடுவார்கள், அதற்கே அந்தக் காசைக் கொடுக்கலாம்.

குரோஷியாவில் வசதிகள் ஒருபடி மேல்தான். மெரினாக்கள், அதாவது காசு கொடுத்துப் படகைக் கட்டும் துறைகள், சுத்தம், தண்ணீரும் மின்சாரமும் கைக்கெட்டும். ஸ்ப்ளிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள்ளேயே ஊர் வாழ்கிறது. டிரோகிர், கோர்ச்சுலா, ஹ்வார் மாதிரி ஊர்கள் மற்ற இரண்டு இடத்திலும் கிடையாது. யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்த விஸ் தீவுக்குள் 1989 வரை வெளிநாட்டவரை விடவில்லை, அந்த அமைதி இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் ஸ்ப்ளிட்டிலிருந்து விஸ் ஏறத்தாழ 30 கடல் மைல், நேராகப் போனால் ஒரு பகல் முழுக்க. மலையிலிருந்து இறங்கும் புரா காற்று கோடையில் குறைவு என்றாலும் வந்தால் திடீரென்று வரும், ஆகஸ்ட் கடைசியில் இடிமழையும் உண்டு. மிதவையில் கட்டக் காசு, மெரினாவுக்குக் காசு, தேசியப் பூங்காவுக்குக் காசு என்று பட்ஜெட் எகிறும். கரை பெரும்பாலும் பாறை, கடல் முள்ளெலி வேறு கிடக்கும், எல்லோருக்கும் ரப்பர் செருப்பு அவசியம். பதின்ம வயதுப் பிள்ளைகளும் முன்னனுபவமும் இருந்தால் இதுதான் சரியான இடம்.

துருக்கியில் நான் பரிந்துரைப்பது குலெட். கேப்டனும் சமையல்காரரும் கூடவே வரும் மரப்படகு, நீங்கள் ஒரு கயிற்றைத் தொட வேண்டாம். தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். பாய் இருந்தாலும் பெரும்பாலும் இன்ஜினில்தான் போகும், ஆகவே பிள்ளை பாய் ஓட்டக் கற்க வேண்டுமென்றால் இது ஆகாது. கோஜெக் வளைகுடாவுக்குள் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். கிழக்கே கெகோவாவில் மூழ்கிய ஊரின் சுவர்களைப் படகிலிருந்தே பார்க்கலாம், இடிபாடுகளின் மேல் நீந்தத் தடை. சைவக்காரர்களுக்கும் இதுவே முதலிடம்: ஆலிவ் எண்ணெயில் கத்தரிக்காய், பீன்ஸ், பருப்பு சூப். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கிரீஸில் பெரிய வெள்ளை பீன்ஸும், அரிசி அடைத்த தக்காளியும் கை கொடுக்கும். குரோஷியாவில் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பிலித்வாவைத்தான் திரும்பத் திரும்பச் சாப்பிட வேண்டியிருக்கும்.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் கிரீஸில் உரிமம் உள்ளவரோடு அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும், குரோஷியாவில் உரிமத்தோடு ரேடியோ சான்றிதழும் கேட்பார்கள். இல்லையென்றால் படகை ஓட்டித் தரும் ஸ்கிப்பர் ஒருவரை அமர்த்தலாம், அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. 2023 ஜனவரி 1 முதல் கிரீஸைப் போலவே குரோஷியாவும் ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே விசா போதும், துருக்கி தனி.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் கணக்கு மாறும். மே மாதத்தில் குரோஷியக் கடல் பிள்ளைகள் இறங்க மறுக்கும் அளவுக்குக் குளிரும், அயோனியனும் முழுதாகச் சூடேறியிருக்காது. மே கடைசியில் மூன்றில் வெதுவெதுப்பானது துருக்கிதான், அப்போது குலெட்டுக்கு ஆகஸ்ட் மாத வாடகையும் கேட்க மாட்டார்கள்.