பட்டன் டயர்: மூன்று மழைக்காலம் ஓட்டிப் பார்த்தபின்

போன வாரம் நண்பன் கூப்பிட்டான். "மாப்ள, செகண்ட் ஹேண்ட்ல எக்ஸ்பல்ஸ் பைக் எடுத்துட்டேன். உன் வண்டில கிடக்கிற அதே பட்டன் டயரைப் போட்டுரவா?" (பட்டன் டயர் என்றால், மண்ணைக் கடித்துப் பிடிக்க உயரமான ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் டயர்.) வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான், போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு.

என்னுடையதும் எக்ஸ்பல்ஸ் 200தான், மண் பாதையிலும் ஓட்டுகிற மாதிரி ஹீரோ செய்த பைக். சக்கரம் முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18, ஸ்போக் ரிம், டியூப். வீடு கோவில்பட்டிப் பக்கம். சுற்றிலும் கரிசல், ஆசை வந்தால் திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணல், அதாவது செம்மணல் மேடு. 2022இல் வண்டி வாங்கிய இரண்டாவது மாதமே டயர் மாற்றினேன், அதுவும் பின் டயரை மட்டும். பார்க்க கெத்தாக இருந்தது, வேறு காரணமே கிடையாது.

அங்கேதான் கோட்டை விட்டேன். பின் சக்கரம் மணலைக் கடித்து முன்னே தள்ளுகிறது, முன்னால் இருக்கும் கம்பெனி டயரோ ஹேண்டிலைத் திருப்பினாலும் திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. பின்பக்கம் வாலாட்டினால் எப்படியோ சமாளித்துவிடலாம், முன்பக்கம் நழுவினால் கீழே கிடக்கும்போதுதான் விஷயமே தெரியும். மூன்று தடவை விழுந்து எழுந்தபின் முன் டயரையும் மாற்றினேன்.

மாற்றிய வாரமே தேரிக்குப் போனேன். (வனத்துறைப் பகுதிக்குள் இல்லை, ஓரத்துப் பனங்காட்டு வண்டித்தடத்தில்.) டயர் காற்றை 15 psiக்கு இறக்கி, எழுந்து நின்று, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முறுக்கினால், அதற்கு முன்பு முட்டி மோதிக்கொண்டிருந்த அதே செம்மணலில் வண்டி படகு மாதிரி மிதந்து போகிறது. அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன், பொய் சொல்லவில்லை.

கரிசல் வேறு கதை. ஐப்பசி மழையில் நனைந்த கரிசல் பசை. நெருக்கமான பட்டன் என்றால் நூறடிக்குள் இடுக்கெல்லாம் அப்பி, டயர் பணியாரம் மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிடும், அப்புறம் குச்சியை எடுத்து நோண்ட வேண்டியதுதான். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சக்கரம் சுற்றும்போதே சேற்றை வீசிவிடும். என்னுடையது அந்த ரகம். சேற்றில் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? தார் ரோடு. தேரிக்குப் போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தார், நடுவில் மணல் ஓட்டுவது பத்தோ பதினைந்தோ. அந்தத் தாரில் ஐம்பதைத் தாண்டினால் உய்ய்ங் என்று ஒரு சத்தம், வண்டி தெருமுனைக்கு வரும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவார். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வளைவில் சாய்த்தால் உயரமான பட்டன்கள் நெளிகின்றன, பொய்க்கால் குதிரை கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் அவ்வளவுதான், ரோட்டைத் தொடுவதே பட்டன்களின் தலை மட்டும். எட்டயபுரம் ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்ற நிலையை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. இத்தனைக்கும் மேல், பின் டயரின் நடு வரிசை 5,500 கிலோமீட்டரில் சப்பையாகிவிட்டது. காசைத் தாரில் தேய்த்துக் கரைத்ததுதான் மிச்சம்.

ஈரத்தில் வழுக்கியதற்கு டயர் மட்டும் காரணமில்லை, என் முட்டாள்தனமும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 1419. அதாவது 2019இன் 14வது வாரத்தில் செய்த சரக்கை 2022இல் புது விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறார் கடைக்காரர், நானும் வாயைத் திறக்காமல் வாங்கி வந்திருக்கிறேன். ரப்பர் அப்போதே இறுகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, காற்றை இறக்கும்போது ஆசைப்படாதே. ஒருமுறை 12க்கு இறக்கிவிட்டு அதே காற்றில் சரளைக்கல் பாதையில் ஏறினேன். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கொத்தினாற்போல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. உடன்குடிக்கு முன்னால் நாலு கிலோமீட்டர் உருட்டினேன், நல்ல வெயில். தார் ஏறும்போது மறுபடி 25க்கு மேல் ஏற்று, பையில் பம்ப்பும் காற்று அளக்கிற மீட்டரும் இருக்கட்டும்.

ஆக, மாப்ள, கம்பெனி டயர் தேயும்வரை அதிலேயே விழுந்து பழகு. மாற்றத்தான் வேண்டுமென்றால் முன் டயரை முதலில் மாற்று, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பாதிப் பாதி என்று விற்கிற ரகத்தில். கூடவே தடித்த டியூப். மிச்சக் காசுக்கு முட்டிக் கவசம் வாங்கு.

எனக்குப் பின் டயர் சொல்லிவைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும். அதே பட்டன்தான். இந்தத் தடவை அந்த நான்கு எண்ணைப் பார்த்தபிறகுதான் காசு.