வெள்ளை மணலுக்கு மேல் கறுப்பு மணி: மூன்று வருட இறால் தொட்டி

போன கிழமை புதுக்குடியிருப்பில் இருந்து தம்பி ஒருவன் கோல் எடுத்தான். "அண்ணை, இறாலுக்கு ரெண்டடித் தொட்டி ஒண்டு வாங்கிட்டன். உங்கட மாதிரிக் கறுப்புச் சோயில் போட்டு மேல வெள்ளை மணல் போடட்டே?"

"போட்டால் பிறகு என்னோட கதைக்காதை" எண்டு சொல்லிப்போட்டன். பிறகு யோசித்தால் அது நியாயமான பதிலாகத் தெரியவில்லை. அதனால் ஆறுதலாக இதை எழுதுகிறேன். இறால் என்றது கறிக்கு இல்லை, கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற குட்டி இறால். சோயில் என்றது தொட்டிச் செடிக்கென்று மண்ணைச் சுட்டு மணிமணியாக்கிக் கடையில் விற்கிற சரக்கு.

2023 தையில், கிளிநொச்சியில் வைத்த தொட்டி. அடிப்பரப்பு 60க்கு 30 சென்ரிமீற்றர். ஒன்பது லீற்றர் சோயில் பை ஒன்று போட, ஐந்து சென்ரிமீற்றர் உயரம் வந்தது. டொலர் ஏறிக் கிடந்த காலம். பையின் விலையை வீட்டில் இன்றைக்கும் சொல்லவில்லை. அதற்கு மேல், வீடு கட்டி மிஞ்சின ஆற்று மணலை அரித்து, தண்ணி தெளியுமட்டும் கழுவி, இரண்டு சென்ரிமீற்றர் பரப்பினேன். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் இன்னும் வடிவுதான். ஆனால் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பார்த்தால் சிப்பித்தூள் நுரைத்துக்கொண்டு வரும். அதைப் போட்டால் தண்ணி நாளுக்கு நாள் கடினமாகும்.

முதல் கிழமை பார்க்கக் கண் கொள்ளாது. மூன்றாம் கிழமை வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்பு மணி. அடுத்த நாள் நாலு. செடியைக் கொஞ்சம் தள்ளி நட்டால் ஒரு பிடி.

காரணம் மாயமில்லை. சோயில் மணி பெரிது, உள்ளே துளை துளையாகப் பாரமில்லாதது. மணல் சின்னன், பாரமானது. அரிசியும் குருணலும் கலந்த சுளகைப் புடைத்தால் குருணல் எங்கே போகும்? அப்படித்தான் மணல் இடுக்குகளுக்குள்ளால் இறங்க, மணி மேலே வரும். புதையும் நத்தை இருந்தால் அது இரவிரவாக இந்த வேலையைத்தான் செய்யும். என்னுடைய தொட்டியில் நத்தையும் இருந்தது, அதை விட்டதும் நான்தான்.

நீளச் சாமணம் ஒன்று வாங்கி, காலமை தேத்தண்ணியோடு இருந்து மணி பொறுக்கத் தொடங்கினேன். மனிசி பார்த்துவிட்டு, "உந்தப் பொறுமையில அரிசியில கல்லுப் பொறுக்கித் தந்தால் புண்ணியமாப் போகும்" என்றா. பிறகு ஒரு புத்தி வந்தது: எல்லாவற்றையும் கிளறி, இரண்டு படைக்கும் நடுவில் நுளம்பு வலை விரித்தேன். ஆறு மாதம் உண்மையிலேயே நிம்மதி. கிரிப்டோகொரைன் வென்ட்டியின் வேர் வலைக்குள்ளால் இறங்கிப் பின்னிக்கொண்டது. எங்கட இலங்கைக்கே உரிய செடி, வேரால் சாப்பிடுகிற சாதி. ஒரு நாள் ஒரு செடியைப் பிடுங்க, வலையின் கால்வாசி பாயைத் தூக்குவதுபோல எழும்பி வந்தது. தொட்டி சேற்று வயலானது. அந்தப் பின்னேரம் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது.

சோயிலிலும் குற்றம் சொல்ல இருக்கிறது, ஆனால் பாதி என்னுடைய குற்றம். புதுச் சோயில் முதல் கிழமைகளில் அமோனியா விடும். நான்கு ஆறு கிழமை பொறுத்து, ரெஸ்ட் பண்ணிப் பூச்சியம் கண்ட பிறகுதான் இறால் விட வேண்டும். நான் பத்தாம் நாள் இருபது செரி இறால், அதுதான் அந்தச் சிவப்புக் குட்டிச் சாதி, விட்டேன். பயந்து கிணற்றுத் தண்ணி மாற்ற, அது பி.எச்.சை ஏற்றி, இருந்த அமோனியாவின் நஞ்சைக் கூட்டியது. மிஞ்சினது ஆறு.

இன்னொன்று: இந்தச் சோயிலுக்குக் காசு கொடுப்பதே அது தண்ணியின் கடினத்தைக் குறைத்துப் பி.எச்.சை ஆறரைக்குக் கிட்ட வைத்திருக்கும் என்பதற்காக. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் எங்கட கிணற்றுத் தண்ணியைக் கிழமைக்கு ஒரு வாளி மாற்றினால் அந்தச் சக்தி எத்தனை நாளைக்குத் தாங்கும்? எட்டாம் மாதம் பார்த்தால் பி.எச். ஏழரைக்கு மேலே. மாரியில் பிடித்த மழைத்தண்ணி மட்டும் விட்டிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும். அது கடினமில்லாத தண்ணி கேட்கிற கிறிஸ்டல் இறால் சாதியை வளர்க்கிறவனுக்குத் தேவை. செரி இறாலுக்கோ அந்த எட்டாம் மாதத்துக்குப் பிறகுதான் உண்மையான சந்தோசம். கல்சியம் இருக்க, தோல் சுகமாகக் கழன்றது. வாதுமை இலைக்குக் கீழே ஊசிமுனை மாதிரிக் குஞ்சுகள். ஆறு இருந்த இடத்தில் இப்போது எண்ண ஏலாது.

ஆக, சக்தி செத்த சோயிலிலும் செடி குறைவில்லாமல் நிற்கிறது, இறால் பெருகுகிறது. மூன்று வருடத்தில் மணி கரைந்து சேறாகவும் இல்லை. பொருள் நல்ல பொருள். திருப்பி வாங்கமாட்டேன்.

தம்பிக்குச் சொல்வது இது: செரி இறால் என்றால், கழுவின ஆற்று மணலை முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஐந்து சென்ரிமீற்றர் போடு. அதற்கு மேல் போனால் அடி மூச்சடைத்து, கிளறும்போது கூழ்முட்டை மணம் வரும். செடி வேருக்குக் கீழே உரக் குளிசை ஒன்று. வயல் வாய்க்கால் வண்டல் இலவசம் என்று அள்ளிக்கொண்டு வராதே. பூச்சிமருந்து பட்ட மண்ணில் இறால் ஒரு இரவு தாங்காது. சோயில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சோயிலை மட்டும் போடு, மேலே ஒன்றும் வேண்டாம்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மணலில் நிற்கிற செரி இறால் வெளிறிப்போகும், கறுப்பு நிலத்தில்தான் சிவப்பு ஏறும். மூன்று வருடம் நான் பொறுக்கும்போது சாமணத்தில் இருந்து தவறின மணிகள் தொட்டியின் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. நல்ல சிவப்பு இறால் எல்லாம் அங்கேதான் நிற்கிறது. சாமணத்தை இப்போது மனிசி மீன் முள்ளு எடுக்க வைத்திருக்கிறா.