சன் ஸ்டுடியோ, மெம்பிஸ்: பேஸ் வாசிக்கிறவன் பார்வையில்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குப் போகிற நம் ஆட்கள் நேராக கிரேஸ்லாண்டுக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். எல்விஸ் வீடு, விமானம், கார்கள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ராக்கபில்லி, அதாவது நாட்டுப்புற கன்ட்ரி இசையும் ப்ளூஸும் கலந்த ஆரம்பகால ராக், காதில் ஏறியவர்கள் முதலில் 706, யூனியன் அவென்யூவில் இருக்கும் சன் ஸ்டுடியோவுக்குப் போங்கள். நான் இங்கே தமிழ்ச் சங்க மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். என் கண் எங்கே போகும் என்பதை அதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்குமிடம் ஒரு சிற்றுண்டிக் கடை மாதிரி இருக்கும். மில்க் ஷேக், டி-ஷர்ட், இசைத்தட்டு எல்லாம் அங்கேயே. அந்தக் காலத்தில் அது டெய்லர்ஸ் உணவகம். பக்கத்து ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேச இடம் கிடையாது; ஸ்டுடியோவை நடத்திய சாம் ஃபிலிப்ஸ் பாடகர்களோடு பேச்சுவார்த்தை நடத்தியதெல்லாம் இந்த மேசைகளில்தான். டி-ஷர்ட்டைத் தவிர்த்துவிட்டு இசைத்தட்டுகளைப் புரட்டுங்கள்.

முதலில் மாடிக்கு அழைத்துப் போவார்கள். பழைய ஒலிப்பதிவுக் கருவிகள், ஆம்ப்ளிஃபயர்கள், எல்விஸை முதன்முதலில் வானொலியில் ஒலிக்கவிட்ட டூயி ஃபிலிப்ஸின் மேசை என்று கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். வழிகாட்டி நடுநடுவே பதிவுகளைப் போட்டுக் காட்டுவார். 1951-இல் ஐக் டர்னர் குழு மிசிசிப்பியிலிருந்து காரில் வரும் வழியில் ஆம்ப் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்த கதை இங்கே வரும். கிழிசலில் காகிதத்தைத் திணித்து, கரகரவென்று வந்த ஒலியை அப்படியே பதிவு செய்திருக்கிறார் சாம் ஃபிலிப்ஸ். நாமாக இருந்தால் மிக்ஸர்காரரைத் திட்டிக்கொண்டு வேறு ஆம்ப் தேடிப் போயிருப்போம்.

அப்புறம் கீழே, அந்த அறை. மூன்று வேன் நிறுத்தினால் நிறைந்துவிடும். சுவரிலும் கூரையிலும் ஒலியை உறிஞ்சும் பழைய பலகைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பாட்டுகளில் கேட்கும் எதிரொலி இந்த அறை கொடுத்தது அல்ல, டேப் கொடுத்தது. பாட்டை ஒரு ஆம்பெக்ஸ் டேப் கருவியில் பதிவு செய்துகொண்டே, இன்னொன்றின் வழியாகக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து அதையே திரும்பக் கலந்தார்கள். ஸ்லாப்பேக் என்பது அதுதான்.

எல்விஸின் முதல் தட்டுக்கான பாட்டு பதிவான 1954 ஜூலை 5 இரவு இங்கே டிரம்ஸ் இல்லை. எல்விஸ், கிட்டாரில் ஸ்காட்டி மூர், ஆள் உயர டபுள் பேஸில் பில் பிளாக். அவ்வளவுதான். பிளாக் தந்தியை இழுத்துவிட்டு பலகையில் டக்கென்று மோதவிடுவார், இடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. சுருதியும் தாளமும் ஒரே ஆள் கையில். தரையில் போட்டிருக்கும் அடையாளத்தில் நின்று, பழைய ஷூர் மைக்கைப் பிடித்து எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பேஸ் எங்கே நின்றிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறையில் நிற்கும்போது இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: பதிவு முடிந்த பிறகு என்ன? தட்டு வெளிவந்த பிறகும் எல்விஸ் கிரவுன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு லாரி ஓட்டினார். ஸ்காட்டி அண்ணன்களின் சலவைக் கடையில், பிளாக் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையில். அக்டோபரில் லூசியானா ஹேரைடு வானொலி நிகழ்ச்சி கிடைத்தது. அதன்பின் சனிக்கிழமையானால் அந்த நிகழ்ச்சி நடக்கும் ஷ்ரீவ்போர்ட்டில் இருக்க வேண்டும், ஒரு வழிக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பேஸைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு போனார்கள். பேஸ் கிட்டாரையே டிக்கியில் வைக்க நான் படும் பாடு எனக்குத் தெரியும்.

ஸ்டுடியோவின் எதிரொலியையும் ஊர் ஊராகத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. தட்டில் கேட்டதை மேடையிலும் கேட்கத்தானே ஜனங்கள் வருவார்கள்? ரே பட்ஸ் என்பவர் ஆம்ப் பெட்டிக்குள்ளேயே டேப் எதிரொலியைப் பொருத்தி எக்கோசானிக் என்று செய்து கொடுத்தார். ஸ்காட்டி 1955-இல் ஒன்று வாங்கினார், சன்னில் பாடிய கார்ல் பெர்க்கின்ஸும் வாங்கினார். என்னைக் கேட்டால், சன் ஒலி இந்தச் சுவர்களை விட்டு வெளியே பிழைத்ததில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

பெர்க்கின்ஸ் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் அறை வேறு மாதிரி தெரியும். அவருடைய 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' பாட்டு பதிவானது இங்கே, 1955 டிசம்பரில். புத்தாண்டு அன்று வெளியாகி நாடெங்கும் ஓடியது. மார்ச் 22 அன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் போகும் வழியில், டெலவேரில் லாரியோடு மோதினார்கள். அண்ணன் ஜேவுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, கார்ல் மருத்துவமனையில். பாட்டு உச்சத்தில் இருந்த நேரத்தில் பாடியவர் படுக்கையில். இத்தனைக்கும் ஒலிப்பதிவுக்கும் விபத்துக்கும் நடுவே நான்கு மாதம்கூட இல்லை.

சில நடைமுறை விஷயங்கள். சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆகும், நின்றுகொண்டேதான் கேட்க வேண்டும். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் மாடிப்படி இருப்பதை நினைவில் வையுங்கள். கூட்டம் சேர்ந்தால் மாடி நெருக்கடியாகிவிடும், காலையில் போவது நல்லது. மினுமினுக்கும் உடைகளையும் பங்களாவையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே காசு வீண் என்று தோன்றலாம். பகலில் பார்வையாளர்கள் போன பிறகு இரவில் இங்கே இன்னும் ஒலிப்பதிவு நடக்கிறது. காட்சிப்பொருளாகச் செத்துப்போகாத ஸ்டுடியோ என்பதே எனக்குப் போதும்.

வெளியே வந்ததும் ஓவர்ட்டன் பூங்காவுக்கு ஓட்டுங்கள், பக்கம்தான். அங்கே உள்ள திறந்தவெளி மேடையில்தான் 1954 ஜூலை 30 அன்று இந்த மூவரும் ஏறினார்கள். ஜூலை 5 பதிவுக்கும் அந்த மேடைக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை. பெரிய பெயர் அன்று கன்ட்ரி பாடகர் ஸ்லிம் விட்மனுடையது. ஒரு செய்தித்தாள் விளம்பரத்தில் நம்ம ஆள் பெயர் 'எல்லிஸ் பிரெஸ்லி' என்று அச்சாகியிருந்தது.