திங்க்பேட் டி480 திணறினால்: எங்கே செலவு செய்யலாம், எப்போது விட்டுவிடலாம்

லெனோவோ 2018-இல் கொண்டுவந்த திங்க்பேட் டி480 லேப்டாப்பை, மெதுவாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். ஐ5-8250யு ப்ராசஸர் உள்ள மாடலைப் பற்றிச் சொல்கிறேன். எக்செல், பிரவுசர், வீடியோ மீட்டிங் போன்ற அலுவலக வேலைக்கு அதன் நான்கு கோர்கள் இன்றும் தாராளம். ஹார்ட் டிஸ்க்கோடும் 8 ஜிபி ராமோடும் வந்தவைதான் தவிக்கின்றன.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, சிபியு சும்மா இருந்தால் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் டிஸ்க் நொடிக்கு நூறு சொச்சம் இடங்களில்தான் தேடி எடுக்கும். சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் இடங்களில் எடுக்கும். விண்டோஸ் ஆன் ஆகும்போது நடப்பது பெரும்பாலும் இந்தச் சிறுசிறு தேடல்தான். டெம்ப் ஃபைல் அழிக்கும் மென்பொருள் எதுவும் இதைச் சரிசெய்யாது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுமுன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீயை எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கிலுள்ள டேட்டா திறக்காமல் போகலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 வரிகளில் (கெட்டுப்போன இடங்களைக் காட்டுபவை) பூஜ்யம் தவிர வேறு எண் தெரிந்தால் குளோனிங் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது) வேண்டாம், பாதியில் நின்றுபோகலாம். டேட்டாவை மட்டும் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள்.

கழற்றும்போது பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. டி480-இல் இரண்டு பேட்டரி. பின்னால் உள்ளதைக் கழற்றினாலும் உள்பேட்டரி போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆன் செய்தவுடன் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய், கான்ஃபிக், பவர் பகுதியில் உள்பேட்டரியை டிசேபிள் செய்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ. அவை மூடியோடேயே நிற்கும், தொலையாது. பிளாஸ்டிக் கார்டு செருகி ஓரங்களை மெல்ல நெம்பினால் கழன்று வரும்.

மூடி திறந்திருக்கும்போதே ராமையும் பார்த்துவிடலாம். டிடிஆர்4 2400 சோடிம் (லேப்டாப்புக்கான சிறிய ராம்), இரண்டு ஸ்லாட். ஒன்றில் மட்டும் 8 ஜிபி இருந்தால் இன்னொரு 8 சேருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலாகிவிடுவதால், ராமிலிருந்தே கடன் வாங்கும் கிராஃபிக்ஸும் வேகமெடுக்கும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிவிட்டதால், நம்பகமான கடையில் பழைய ராம் வாங்குவதில் தவறில்லை. (டி480எஸ் வேறு மெஷின், அதில் ஒரு பகுதி ராம் போர்டிலேயே ஒட்டியிருக்கும்.)

எஸ்எஸ்டி போட்டும் கொஞ்ச நேரத்தில் வேகம் இறங்கினால் சூடுதான் காரணம். ஃபேன் இறக்கையைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். சூடே இல்லாமல் சிபியு 0.4 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றால் முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். இதற்கு 65 வாட் டைப்-சி சார்ஜர் இருந்தால் நல்லது, போன் சார்ஜர் ஆகாது.

தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (டைப்-சி போர்ட்டை இயக்கும் சிப்பின் மென்பொருள்) லெனோவோ தளத்தின் அப்டேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பதிப்பில் இருந்த பிழையால் டைப்-சி போர்ட் செயலிழந்து, சார்ஜ் ஏறுவதும் நின்றுபோகலாம். இந்த மெஷினுக்கு வட்ட முனை சார்ஜர் போர்ட்டே கிடையாது. டைப்-சி போர்ட்டும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 8-ஆம் தலைமுறை ப்ராசஸர் என்பதால் டி480 விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுகிறது. முந்தைய மாடலான டி470-இல் உள்ள 6, 7-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதில் பணம் போடுவதானால் லினக்ஸுக்கு மாறும் எண்ணத்தோடு போடுங்கள்.

டச்பேட் மேலெழும்பியிருந்தால் உள்பேட்டரி உப்பியிருக்கலாம். அதைக் குத்தாமல், அமுக்காமல் உடனே மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எஸ்எஸ்டி, ராம், பேட்டரி மூன்றும் சேர்ந்து அதே மாடலின் செகண்ட் ஹேண்ட் விலையில் பாதிக்குள் அடங்கினால் தயங்காமல் செய்யலாம். போர்டிலோ டைப்-சி போர்ட்டிலோ கோளாறு என்றால் வேறு மெஷின் பாருங்கள். புதிதாகப் போட்ட எஸ்எஸ்டியையும் ராமையும் இன்னொரு டி480-க்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.