லாரி ஓட்டுநர்களின் வழக்கும் ஓயெஸ் ஒலி ஆவணகமும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்க வழிசெய்யும் ஓயெஸ் ஆவணகத்தில், 1977ஆம் ஆண்டின் டீம்ஸ்டர்ஸ் வழக்கை அண்மையில் கேட்டேன். ஒரு லாரி நிறுவனத்தின் மீதும் லாரி ஓட்டுநர்களின் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸ் மீதும், இனப் பாகுபாடு காட்டியதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு இது. லாரித் தொழிலில் அரசுக் கட்டுப்பாடு தளர்ந்தபின் கறுப்பினத்தவரின் வேலைவாய்ப்பு எவ்வாறு மாறியது என்பதை அறிய விரும்புவோர், தளர்வுக்கு முந்தைய நிலையை இங்கே கேட்டுவிட்டு மேலே செல்வது நல்லது.

வழக்கறிஞர் பேசப் பேச எழுத்து வடிவமும் திரையில் உடன் நகர்கிறது. பணிமூப்பு பற்றிய சிக்கலான வாதத்தைப் பலமுறை பின்னோக்கி நகர்த்திக் கேட்டே நான் புரிந்துகொண்டேன். வழக்கில் சிக்கிய நிறுவனத்தில் 1971 மார்ச்சில் நெடுந்தூர ஓட்டுநர்கள் 1,828 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் 8 பேர் மட்டுமே. அந்த எட்டுப் பேரும் வழக்கு எழுந்த பின்னர்தான் சேர்க்கப்பட்டனர். ஊருக்குள் லாரி ஓட்டிய ஒருவர் கூடுதல் சம்பளமுள்ள நெடுந்தூர வேலைக்கு மாறினால், சேர்த்த பணிமூப்பை இழந்து பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதியைக் கேட்டபோது மனம் கனத்தது.

ஒரு நிறுவனத்தால் இப்படி நடந்துகொண்டும் நட்டமின்றித் தொழில் செய்ய எப்படி முடிந்தது என்பதற்கான விடை இந்த ஒலிப்பதிவுக்கு வெளியே இருக்கிறது. லாரித் தொழிலைக் கட்டுப்படுத்திய 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதியவர் தொழிலுக்கு வர அரசு ஆணையத்தின் அனுமதி வேண்டியிருந்தது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள் அதை எதிர்க்க முடிந்தது. கட்டணத்தையும் அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொள்ள முடிந்தது. திறமையான ஓட்டுநரை நிறத்துக்காக ஒதுக்கினாலும், அவரை அழைத்துக்கொண்டு குறைந்த கட்டணத்தில் போட்டியிட எவரும் இல்லை. பாகுபாடு காட்டும் முதலாளிக்கும் அதனால் செலவு உண்டு, போட்டி மிகும்போது அச்செலவு அவரை நெருக்கும் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1957இலேயே வாதிட்டார்.

1980இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் நுழைவுத் தடைகளைத் தளர்த்தியது. பத்தாண்டுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருமடங்குக்கு மேல் பெருகின. கறுப்பின ஓட்டுநர்களின் பங்கும் உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில் தொழிற்சங்கம் பெற்றுத்தந்த உயர்ந்த சம்பளமும் சரிந்தது என்பதால், இதை முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் பங்கையும் இதிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்த மாணவர்களுக்கு இந்த ஆவணகத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். கேட்டு முடித்ததும் தீர்ப்பையும் படியுங்கள். பாகுபாடு நடந்ததை ஏற்ற நீதிமன்றம், 1964 சட்டத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பணிமூப்பை மீட்டுத்தர மறுத்தது. அந்த இடத்தில் நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய மாறுபட்ட கருத்தைத் தவறவிடாதீர்கள்.