முக்குளிப்பு விளக்கு, ஆனால் தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் கிடையாதாம்!

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் முக்குளிப்பு விளக்கு வாங்க நினைப்பவர்கள், பணத்தை நீட்டுவதற்கு முன் உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்ற விளக்கின் அட்டையில், பொடி எழுத்தில், கடைசி வரி இது: நீர் புகுந்து ஏற்படும் பழுதுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. கடலுக்கடியில் வீடியோ எடுப்பதற்கென்றே 480 ரிங்கிட்டுக்கு விற்ற விளக்கு! அட்டை பெட்டிக்குள் இருந்தது. பெட்டியையோ பணம் கட்டிய பிறகுதான் பிரிக்க விட்டார்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது, அது முடியட்டும். இதே பெட்டி வேறு கடைகளிலும் இருக்கக்கூடும் என்பதால் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

முகப்பில் கொட்டை எழுத்தில் 10,000 லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு. அதன் கீழே, முழு வெளிச்சத்தில் 2 மணி நேரம். அதற்கும் கீழே, நீர் புகாது என்பதற்கான தரக்குறி ஐபி68, 100 மீட்டர். உள்ளே 18650 வகை பேட்டரிகள் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் 9900 எம்ஏஎச் கொள்ளளவு என்று அச்சு. அந்தப் பருமனில் வரும் தரமான பேட்டரியே 3500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கிறது. அப்படி இரண்டு இருந்தால் ஏறத்தாழ 25 வாட்-மணி, அதாவது 25 வாட்டை ஒரு மணி நேரம் தரும் ஆற்றல் கிடைக்கும். ஒரு வாட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10,000 லூமனுக்கு ஏறத்தாழ 67 வாட் வேண்டும். பேட்டரி 25 நிமிடம்கூடத் தாங்காது. பெட்டி சொல்லும் 2 மணி நேரம் எந்தக் கடவுள் கொடுத்த வரமோ தெரியவில்லை.

வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோதே சில நிமிடங்களில் வெளிச்சம் மளமளவென்று இறங்கியது. கடைக்குப் போன் செய்து கேட்டேன். “புது பேட்டரி அக்கா, நாலு முறை சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. ஒழுங்கான தயாரிப்பாளர்கள் எஃப்எல்1 என்ற தரமுறைப்படி, விளக்கை ஏற்றி 30 விநாடிக்குப் பிறகு, 2 நிமிடத்துக்குள் அளந்த லூமனைப் போடுகிறார்கள். இந்தப் பெட்டியில் அந்தக் குறியைத் தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை.

கடையில் அந்தப் பையன் விளக்கைக் கூரையில் அடித்துக் காட்டினான். நடுவில் பளீரென்று ஒரு வட்டம் விழுந்தது. பாறை இடுக்கில் எட்டிப் பார்க்க அந்த ஒளி போதும். வீடியோவில் நடுப்பகுதி வெளுத்துப்போய் ஓரமெல்லாம் இருண்டுவிடும். வீடியோவுக்கு வேண்டியது 100 பாகைக்குக் குறையாமல் சீராகப் பரவும் ஒளி. அதிலும் ஒரு சங்கதி உண்டு: தட்டைக் கண்ணாடி வைத்த விளக்கு காற்றில் 120 பாகை விரிந்தால், தண்ணீரில் ஏறத்தாழ 80 பாகைதான் விரியும். பெட்டியில் போட்டிருக்கும் பாகை காற்றிலா, தண்ணீரிலா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் புரிந்துகொள்ளலாம்.

பெர்ஹெந்தியான் தீவுகளில் சுகர் ரெக் என்று முக்குளிப்பவர்கள் சொல்லும் மூழ்கிய கப்பல், சுமார் 18 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நிழலில் மூங்கில் சுறாக்கள் ஒண்டிக் கிடக்கும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். அந்த ஆழத்தில் அதை மீட்டுத் தருவதற்குத்தான் விளக்கே. நான் அங்கே கொண்டுபோன இந்த விளக்கோ பவளத்தைக் கைக்கெட்டும் தூரத்திலும் நீலம் பாய்ந்த சாம்பலாகவே காட்டியது. வெளிச்சத்தைக் குறைத்தால் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடின. மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி வெளிச்சத்தைக் குறைக்கும் மலிவான சுற்றின் வேலை அது. கடையிலேயே போன் கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பிறகு விளக்கு அணைந்தே போனது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீர்க்கோடு, நான் கையைச் சாய்த்த பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருந்தது. உடன் வந்த தம்பியிடம் இரண்டாவது விளக்கு இருந்ததால் பதற்றமில்லாமல் மேலே வந்தோம்.

படகில் பயிற்றுநர் அதை உடனே என் கையிலிருந்து வாங்கிவிட்டார். உப்புநீர் பட்ட பேட்டரி வாயுவைக் கக்கும். உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால் மூடி துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும். முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்கவே கூடாது. கரையில் அவரே அதை அப்பால் திருப்பி, மெதுவாகத் திறந்தார். உள்ளே, நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்றே ஒன்று. நல்ல விளக்குகளில் இரண்டு இருக்கும். அது உட்காரும் பள்ளத்தில் வார்ப்பின் பிசிறு மயிரிழையாக நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. கடலில் இறங்கும் முன் ஓ-ரிங்கை நான் துடைத்து, கிரீஸ் தடவி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத்தான் மூடினேன். அந்தப் பிசிறுக்கு எந்த கிரீஸும் மருந்தில்லை.

ஐபி68 என்பதை நம்பியும் கடலில் இறங்க வேண்டாம். ஒரு மீட்டருக்கு மேல், தயாரிப்பாளரே குறிக்கும் ஆழத்திலும் நேரத்திலும், அசையாத நன்னீரில் நடத்தும் சோதனை அது. 18 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் 2.8 மடங்கு.

பினாங்கு திரும்பியதும் விளக்கைக் கடையின் மேசைமேல் வைத்தேன்.

“உள்ளே தண்ணீர் போயிருக்கிறது அக்கா. தண்ணீர் போனால் வாரண்டி இல்லை.”

“தம்பி, இது தண்ணீரில் போடும் விளக்குதானே?”

“தண்ணீரில் போடலாம். தண்ணீர்தான் உள்ளே போகக்கூடாது.”

முதலாளி வந்தார். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். பிறகு பெரிய மனது வைத்து, அதே விளக்கை இன்னொரு முறை வாங்கினால் 15 விழுக்காடு தள்ளுபடி என்றார்.

அந்தப் பலகையைக் கண்டு யாரும் மலைத்துவிட வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும், சொல்லி விற்ற வேலைக்கு உதவ வேண்டும். பலகை மாட்டி அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 ரிங்கிட்தான் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. என் மனுவுடன் ரசீது, பெட்டியின் படங்கள், அந்தப் பிசிறின் நெருக்கப் படம், பட்டைகள் ஓடும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். விளக்கைக் கழுவாமல், உப்பும் பச்சைக் களிம்புமாக ஸ்பிரிங் துருப்பிடித்த நிலையிலேயே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கொட்டை எழுத்தில் 10,000 என்று போட்ட அந்தப் பெட்டியை நீங்களும் வாங்கியிருந்தால், கடலுக்கு எடுத்துப் போகாமல், ரசீதைத் தொலைக்காமல், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். விசாரணைக்கு முன் எத்தனை பேர் சேர்கிறோமோ அத்தனை நல்லது.